ஏசி கடையில் என் யூக்கா

"ஐஸ் பொட்டிக்குள்ள பனமரம் வளக்கவாம்மா உன்னைய யூனிவர்சிட்டிக்கு அனுப்புனேன்?"

அப்பா இதைக் கேட்டது யாங்கூனின் தாமுவேயில், எங்கள் வீட்டு வாசலில், தெருவுக்கே கேட்கும் குரலில். நான் அப்போது இரண்டு பனைத் தொட்டிகளையும், கத்தி போல நீண்ட இலைகளுள்ள ஒரு யூக்காவையும் சைக்காவில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். சைக்கா என்பது பக்கவாட்டில் இருக்கை வைத்த மிதிவண்டி. ஆள் உட்கார வேண்டிய இடத்தில் யூக்கா உட்கார்ந்திருந்தது. அதை ஓட்டுகிறவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அப்பாவின் குரலை வைத்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு சிரித்தார்.

பெரிய ரோட்டில் வாடகைப் பிக்கப் காத்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் பிக்கப் போய்விடும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருடைய அப்பாவும் அதே துறைமுகத்தில் அதே வேலைதான் செய்தார். நான் தாவரவியலில் பட்டம் வாங்கிய படத்தை அப்பா பெரிதாக்கி, சட்டம் போட்டு, முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் மாட்டினார். அந்தப் படத்தில் இருக்கிற பெண் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆசை. மண்ணை அள்ளுவதற்கு எதற்குப் பட்டம் என்பார்.

நாற்காலியும் தயாராக இருந்தது. சித்தப்பாவுக்குத் தாமுவே சந்தைப் பக்கம் இரும்புச் சாமான் கடை. அங்கே கல்லாவுக்குப் பின்னால் கணக்கு எழுத ஆள் வேண்டும். நான் செடி நர்சரி வேலையை விட்டுவிட்டு, கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் செடிகளை வாடகைக்கு வைத்துப் பராமரிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். திங்ஜான் வரைக்கும், அதாவது ஏப்ரலில் வரும் தண்ணீர்த் திருவிழா வரைக்கும் என் இஷ்டம். அதற்குள் தொழில் நிலைக்கவில்லையென்றால் சித்தப்பா கடை நாற்காலி. எனக்கு அப்போது இருந்தது ஒரே ஒரு வாடிக்கையாளர். அவருடைய கடைக்குத்தான் அந்த யூக்கா போய்க்கொண்டிருந்தது.

ஊர் நடுவே லான்மடாவில் அவர், அதாவது பாய், வைத்திருப்பது ஏசி கடை. குளிரூட்டப்பட்ட கடை என்று சொல்லவில்லை. ஏசியையே விற்கிற கடை. சுவர் முழுக்க மெஷின்கள். மின்சாரம் இருக்கும்போது அதிலும், இல்லாதபோது ஜெனரேட்டரிலும் அவற்றில் பாதியாவது ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் பதினாறு டிகிரியில். வெளியே தெருவில் தார் இளகும். கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே வந்தால் மூக்கு நுனி மரத்துப்போகும். விற்பனைப் பெண்கள் ஸ்வெட்டரும் காலுறையும் போட்டுக்கொண்டு, காலுறைக்கு மேல் செருப்பு மாட்டிக்கொண்டு நடப்பார்கள். ஆளுக்கொரு கிண்ணத்தில் சூடான வெறுந்தேயிலைத் தண்ணீரை வைத்துக் கையைச் சூடேற்றிக்கொண்டிருப்பார்கள்.

"கொஞ்சம் கொறச்சு வைங்க பாய். இருபத்திநாலுல வச்சாக்கூட செடி நல்லா இருக்கும்" என்றேன் முதல் நாளே.

"குளிர்தான் தங்கச்சி என் சரக்கு. துணிக்கடைக்காரன்ட்ட போயி துணிய மடிச்சு உள்ள வச்சுட்டு யாவாரம் பண்ணுன்னு சொல்லுவீங்களா?"

சொல்ல மாட்டேன். தொட்டிகளை மெஷின் காற்று நேராகப் படாத இடங்களாகப் பார்த்து வைத்தேன். மறுவாரம் போனபோது மூன்றும் மெஷின்களுக்கு நேர் கீழே நின்றன. ஓலைகள் காற்றில் ஆடினால்தான் குளிர் வருவது வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும் என்றார் பாய். நான் திரும்ப நகர்த்தினேன். அவர் திரும்ப நகர்த்தினார். பிறகு பனைகள் கதவோரம், யூக்கா நடுவில் என்று ஏதோ ஒரு சமரசத்துக்கு வந்தோம்.

அது போகட்டும். ஒரு பனையோலையில் யாரோ விலைச் சீட்டைக் குத்தி வைத்திருந்தார்கள். இன்னொன்றில் ஒரு அம்மாள் கைப்பையை மாட்டிவிட்டு மெஷின் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் மூத்த விற்பனைப் பெண் ஒருவர் இருந்தார். பர்மாக்காரர், என்னைவிடப் பெரியவர், அதனால் நான் அவரை 'அமா' என்று கூப்பிடுவேன். பர்மிய மொழியில் அக்கா என்று பொருள். அவர் என்னை 'சயாமா' என்பார், டீச்சரம்மா என்கிற மாதிரி. மரியாதையா கேலியா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் ஒருநாள் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயை யூக்காவின் ஒவ்வொரு இலைக்கும் தடவி வைத்திருந்தார்.

"எப்படி மின்னுது பாத்தீங்களா, சயாமா?"

மின்னத்தான் மின்னியது. அதில் ஊரிலிருக்கிற தூசியெல்லாம் வந்து ஒட்டியது. நான் முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். கடைக்கு வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போய் விலை கேட்டார்கள்.

இருந்தாலும் எனக்குப் பயமில்லை. வீட்டில் தினமும் கைப்பேசியில் பனி கொட்டுகிற ஊர்க்காரர்களின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் முழங்கால் உயரத்துக்கு வெண்பனி கிடக்கும். அதற்கு நடுவில் பனை வளர்ப்பார்கள், யூக்கா வளர்ப்பார்கள். குளிர்காலம் வந்தால் மரத்தின் தலையைக் கட்டி, கம்பளி சுற்றி, மேலே கூரை போடுவார்கள். அப்பா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா இவன், மரத்துக்குப் போர்வ போத்திக்கிட்டு இருக்கான்? பொண்டாட்டிக்குப் போத்துனானான்னு கேளு."

"அந்தக் குளுருலயே அது உயிரோட இருக்கு பாத்தீங்களாப்பா? பாயி கடயெல்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்ல."

"அவனுக்கு வேற வேல இல்ல. உனக்குமா இல்ல? சித்தப்பா நேத்துகூடக் கேட்டான்."

அந்தப் பனியூர்க்காரர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசினாலும் எல்லாரும் சொன்னது ஒன்றுதான். யூக்காவைக் குளிர் கொல்வதில்லை, குளிரில் ஈரமாக இருக்கிற மண்தான் கொல்லும். கூரை போடுவதுகூடப் பனியைத் தடுக்க அல்ல, தண்ணீர் வேருக்குப் போகாமல் தடுக்கத்தான். படித்ததோடும் இது ஒத்துப்போனது. குளிரில் வேர் தண்ணீரைக் குடிக்காது. குடிக்காத தண்ணீர் நின்றால் வேர் அழுகும். ஆகவே நான் மணலும் கரித்துண்டும் கலந்த மண்ணில் யூக்காவை வைத்திருந்தேன். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த ஒரு குவளையை ஊற்ற எனக்கு வாய்ப்பே வரவில்லை. எப்போது விரலை விட்டாலும் ஈரம். ஒரு வாரம் விட்டுப் போனாலும் ஈரம், இரண்டு வாரம் விட்டுப் போனாலும் ஈரம். யூக்காவில்தான் அதிகம்.

ஏசியிலிருந்து சொட்டுகிறதோ என்று மேலே பார்த்தேன். பாயிடம் கேட்டேன்.

"எம் மெஷின் ஒழுகுமா?" பாயின் முகம் மாறிவிட்டது. "மெதுவாப் பேசுங்க தங்கச்சி. கஸ்டமர் காதுல விழுந்துரப் போவுது."

பெண்களிடம் கேட்டேன். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை என்றார்கள். அமா புத்தர் படத்தைக் காட்டிச் சத்தியம் செய்தார். நான் பர்மிய எழுத்தில் அழகாக 'தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று அட்டையில் எழுதி ஒவ்வொரு தொட்டியிலும் செருகினேன். அடுத்த முறை போனபோது அட்டைகள் ஊறிப்போய் எழுத்துகள் கரைந்திருந்தன. மண்மேல் கறுப்பாகச் சுருண்ட துணுக்குகள் கிடந்தன. ஓலைச் சருகு என்று நினைத்து வழித்துப் போட்டேன். தாவரவியல் படித்தவள்.

மார்ச் மாதம் யூக்காவின் அடித்தண்டை அழுத்திப் பார்த்தேன். அழுகிய வாழைப்பழம் போல விரல் உள்ளே போனது. மோப்பம் பிடித்தால் சாக்கடை நாற்றம். பாய் பின்னால் வந்து நின்றார்.

"சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. நீங்க படிச்ச புள்ள. ஆனா செடிக்குத் தண்ணிய அதிகமா ஊத்திட்டீங்க."

"நான் ஊத்தவே இல்ல பாய். இங்க வந்ததுலேருந்து ஒரு சொட்டு ஊத்தல."

"அப்ப யாரு, ஜின்னு வந்து ஊத்துச்சா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் எந்த மொழியில் திட்டுவது என்று தெரியாமல் விரலிலிருந்த அழுகலைத் துடைத்தேன். பாய் நல்ல மனிதர். அதனால்தான் இன்னும் மோசமாக இருந்தது. அவர் மெதுவாகவே சொன்னார். யூக்கா இருந்த இடத்தில் பிளாஸ்டிக் பனை ஒன்று வைக்கப் போகிறாராம். அது வாடாது, அதற்கு ஆள் வரவேண்டாம். மற்ற இரண்டு பனைகளும் திங்ஜான் விடுமுறை வரைக்கும் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். 'பிறகு பார்க்கலாம்' என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சித்தப்பா கடை நாற்காலியின் பிரம்பு முதுகு என் கண்முன்னால் வந்து நின்றது.

யூக்காவைத் தனியாகத் தூக்க முடியாது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மூட்டை தூக்கிய உடம்பு அல்லவா, தொட்டியைப் பார்த்ததும் குனிந்து அடியில் கை கொடுத்து எடை பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கனமாத்தான் இருக்கு. தண்ணிதான நிக்குது உள்ள." பற்களுக்கிடையில் காற்றை இழுத்தார். "யப்பா, என்னா குளுரு. செத்தவன வைக்கிற எடம் மாதிரி."

பாய் ஓடிவந்து அவரை உட்காரச் சொன்னார். "அண்ணே, மொதல்ல சூடா ஒரு டீ குடிங்க. அப்புறம் தூக்கலாம்."

யாங்கூனில் தேநீர்க் கடையில் காசில்லாமல் கிடைக்கிற ஒன்று வெறுந்தேயிலைத் தண்ணீர். ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஃபிளாஸ்க்கும் சின்னச் சின்னக் கிண்ணங்களும் இருக்கும். பாய் கடை மேசையிலும் அப்படித்தான். அந்த மேசை யூக்காவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அப்பா ஃபிளாஸ்கைச் சாய்த்துக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றினார். கிண்ணத்தைச் சுழற்றிக் கழுவினார். கழுவியதை, பாயோடு பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், என் யூக்காவின் தொட்டியில் வீசினார். பிறகு கிண்ணம் நிறைய ஊற்றிக் குடித்தார்.

நான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"அப்பா. என்னா பண்ணுனீங்க இப்ப?"

"என்னா பண்ணுனேன்?"

"செடியில என்னமோ ஊத்துனீங்களே!"

"எங்கம்மா ஊத்துனேன்? கிண்ணத்த அலம்புனேன்."

"அலம்பிட்டு எங்க போட்டீங்க?"

அப்பா தொட்டியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. பிறகு கோபம் வந்தது. "வேற எங்க போடுறது? தரையிலயா? தரை கண்ணாடி மாதிரி இருக்கு. மண்ணு இருக்கிறது இங்க மட்டுந்தான."

இந்த ஊரில் யாரும் கிண்ணத்தை அலம்பாமல் குடிக்க மாட்டார்கள். பணக்காரரும் அலம்புவார், சைக்கா ஓட்டுகிறவரும் அலம்புவார். அலம்பிய தண்ணீரைக் காலடியில் வீசுவோம். தேநீர்க் கடைகள் நடைபாதையில்தானே இருக்கின்றன. நானும் தினமும் அதைத்தான் செய்கிறேன். யாரும் அதை ஊற்றுவது என்று நினைப்பதில்லை. எச்சில் விழுங்குவதை யாராவது நினைத்துச் செய்வார்களா? பாய் கடைக்கு வருகிற ஒவ்வொருவரும், வேலை செய்கிற ஒவ்வொருவரும், நாளெல்லாம் குளிரில் நடுங்கி, மறுபடி மறுபடி டீ குடித்து, மறுபடி மறுபடி கிண்ணத்தை அலம்பி, அந்தப் பளிங்குத் தரையில் மண் என்று இருந்த ஒரே இடத்தில் வீசியிருக்கிறார்கள். அமாவின் சத்தியம் பொய்யில்லை.

மண்மேல் கிடந்த கறுப்புத் துணுக்கு ஒன்றை எடுத்து நசுக்கினேன். தேயிலை.

நான் எல்லாவற்றையும் பாயிடம் சொன்னேன், தமிழில் பாதியும் பர்மிய மொழியில் பாதியுமாக. அமாவும் வந்து கேட்டார். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாய் சிரிக்கவில்லை.

"ரெண்டு சொட்டு டீக்கு ஒரு மரம் சாவுமா தங்கச்சி?"

"ஒரு நாளைக்கு எத்தன பேரு வர்றாங்க, கணக்குப் போடுங்க பாய்."

"சரிதான்" என்றார். சரிதான் என்று அவர் சொன்னால் நம்பவில்லை என்று பொருள். பிளாஸ்டிக் பனை அதற்குள் வாசலில் வந்து இறங்கிவிட்டது. நானும் அப்பாவும் யூக்காவைத் தூக்கி வெளியே வைத்தோம். அதன் இடத்தில் பிளாஸ்டிக் பனை நின்றது, நல்ல பச்சையாக, தொட்டியில் சிமெண்ட் கொட்டி, மேலே பச்சைப் பஞ்சு பரப்பி.

வீட்டில் யூக்காவின் தண்டைக் கத்தியால் அறுத்தேன். பழுப்பு போய் வெள்ளையாக, உறுதியாக வரும்வரை மேலே மேலே அறுத்தேன். கடைசியில் இலைக்கொத்தும் ஒரு முழத் தண்டும் மிஞ்சின. அதை நிழலில் காயவிட்டு, பிறகு காய்ந்த மணலில் நட்டு, கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தேன். வேர் விட வாரக்கணக்காகும். தொடக் கூடாது என்று எல்லாரிடமும் சொன்னேன். அப்பா தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே போய் அதை மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"இழுக்காதீங்கப்பா!"

"இழுக்கலம்மா. பிடிச்சிருக்கான்னு பாத்தேன்."

"பிடிக்கப் போற வேர நீங்கதான் புடுங்குறீங்க!"

ஆனால் ஒன்று. கொல்லையில் டீ குடிக்கும்போது அவர் கிண்ணத்தை வேலிப் பக்கம் போய் அலம்பினார். என்னைப் பார்த்துக்கொண்டே அலம்பினார்.

திங்ஜான் நெருங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா வீட்டுக்கு வந்து, விடுமுறை முடிந்த மறுநாள் கடைக்கு வந்துவிடு, புதுப் பேனா வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். புதுப் பேனா! அன்று மத்தியானம்தான் பாய் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்."

"என்னா பாய், பனைக்கு என்னாச்சு?"

"உங்க பனை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. இந்தப் பிளாஸ்டிக்தான்..." குரலைத் தாழ்த்தினார். "பிளாஸ்டிக்கும் நாறுது."

போனேன். கதவைத் திறந்ததுமே நாற்றம் வந்தது. சிமெண்ட் தொட்டியில் ஓட்டை இல்லையே, டீ எங்கே போகும்? பச்சைப் பஞ்சு ஊறி, பூசணம் பிடித்து, அதற்குள் கொசுப் புழு நெளிந்தது. ஒரு வாடிக்கையாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மெஷினிலிருந்துதான் இந்த நாற்றம் வருகிறதா என்று கேட்டுவிட்டுப் போனாராம். பாய் உடைந்து போயிருந்தார். என் பெருமையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"இனிமே யாரும் கிண்ணம் அலம்பக் கூடாதுன்னு போர்டு போட்டுர்றேன்" என்றார்.

"போர்டெல்லாம் போட்டுப் பாத்தாச்சு பாய். அலம்பாம யாரால குடிக்க முடியும்? உங்களால முடியுமா?"

மேசையிலிருந்த தன் கிண்ணத்தைப் பார்த்தார்.

நான் கையோடு கொண்டு போயிருந்த தொட்டியை ஃபிளாஸ்குக்குப் பக்கத்தில், மேசையைத் தொட்டாற்போல வைத்தேன். வாயகன்ற மண்தொட்டி. உள்ளே ஆற்றுக் கூழாங்கல், அடியில் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே தினமும் எடுத்துக் கொட்ட ஒரு வாளி. செடி கிடையாது.

"இது என்னாது, மொட்டத் தொட்டி?"

"இது டீ குடிக்கிற தொட்டி. மத்ததெல்லாம் செடி."

"செடியில்லாத தொட்டிய வச்சா வர்றவன் என்னான்னு நெனப்பான்?"

"ஒண்ணும் நெனக்க மாட்டான் பாய். நெனச்சா ஊத்துறாங்க?"

அமா வந்தார். ஃபிளாஸ்கைச் சாய்த்தார், அலம்பினார், பேசிக்கொண்டே கூழாங்கல்மேல் வீசினார். அவர் குனிந்து பார்க்கவே இல்லை. பாயும் நானும்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"யூக்கா எப்ப வரும்?" என்றார் பாய்.

"வேர் விட்டா வரும்."

"விடுமா?"

"தெரியல."

உண்மையிலேயே தெரியவில்லை. இதை எழுதுகிற இன்றும் அது மணலில் சும்மா நிற்கிறது. இலைகள் வாடவுமில்லை, புதிதாக ஒன்று வரவுமில்லை. காலையில் அப்பா, பிரஷ் வாயில் இருக்க, அதன் முன்னால் நின்றுகொண்டு கேட்டார்.

"சரிம்மா, இது வரட்டும், வராமப் போவட்டும். லீவு முடிஞ்சு சித்தப்பா கடைக்கு எந்தப் பஸ்ஸுல போவணும்னு பாத்து வச்சியா?"

பஸ்ஸையெல்லாம் முந்தாநாளே பார்த்துவிட்டேன். பாய் கடையிலிருந்து வரும் வழியில் தாமுவே சந்தையில் இறங்கி, நேராகச் சித்தப்பாவிடம் போய், அந்த நாற்காலியில் வேறு யாரையாவது உட்காரவைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது அவர் கடையிலேயே ஆறு வாளிகள் வாங்கினேன். பாய் சொல்லிவிட்டதில் எனக்குப் புதிதாகக் கிடைத்த இரண்டு கடைகளில் டீத் தொட்டியை முதலில் வைத்துவிட்டேன். செடிகளை நாளைக்குக் கொண்டுபோகிறேன்.